எட்டு ஃபேடர் வேணுமா, ஒண்ணு போதுமா? கன்ட்ரோல் சர்ஃபேஸ் வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோடின் ஒலி வடிவத்திலிருந்து தொகுத்தது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

கணியம்பாடியிலிருந்து பேசறேன். மைக் பத்தின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. ஆம்பூர்லிருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல அது ரொம்பத் தெளிவா இருந்தது. ஷூ கம்பெனியில வேலை. ராத்திரி மாடி ரூம்ல நண்பர்களோட சேர்ந்து பாட்டு ரெக்கார்ட் பண்றார். "அண்ணா, ஒரு வருஷமா காசு சேர்த்து வச்சிருக்கேன். யூட்யூப்ல பார்த்தா எல்லார் டேபிள்லயும் ஃபேடர் வச்ச ஒரு பெட்டி இருக்கு. அதை வாங்கினா என் மிக்ஸ் நல்லா வருமா?"

ஒரு வருஷச் சேமிப்பு சும்மா இல்லை. அதனால அந்தப் பெட்டி உள்ளுக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல பார்ப்போம். பதில் அதுக்குள்ளேயே இருக்கு.

சத்தம் அது வழியாப் போகாது

அந்தப் பெட்டிக்குப் பேரு கன்ட்ரோல் சர்ஃபேஸ். பார்க்க மிக்ஸர் மாதிரியே இருக்கும். ஆனா மிக்ஸர்ல மைக் சொருகுவோம், சத்தம் அது வழியாப் போகும். பெரும்பாலான கன்ட்ரோல் சர்ஃபேஸ்ல மைக் சொருக இடமே இருக்காது. யூஎஸ்பி வயர்ல லேப்டாப்போட சேரும், அவ்வளவுதான். உங்க ரெக்கார்டிங் மென்பொருள்ல, அதாவது ரீப்பர், ஆர்டோர், லாஜிக், கியூபேஸ் மாதிரி ஒண்ணுல, மவுஸ் வச்சு செய்யற வேலையைக் கையால செய்ய வைக்கும். இது டிவி ரிமோட் மாதிரி. புது ரிமோட் வாங்கினா படம் தெளிவாகாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். ஏ.ஆர். ரஹ்மான் வாசிக்கிற கன்டினுவம் ஃபிங்கர்போர்டைப் பார்த்திருப்பீங்க. 2009-ல வந்த 'டெல்லி-6' படத்துக்கு அதைப் பயன்படுத்தினார். அதுவும் ஒரு கன்ட்ரோலர்தான், ஆனா அது இசைக்கருவி. விரல் சொல்றதை ஸ்வரமா மாத்தும். நாம பேசற பெட்டி ஏற்கெனவே பதிவான டிராக்குகளோட அளவை நிர்வகிக்கும்.

கை ஏன் வேணும்?

கோடம்பாக்கத்துப் பழைய ரெக்கார்டிங் தியேட்டர்கள்ல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஹால்ல உட்கார்ந்து வாசிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ரெண்டு கையையும் ஃபேடர் மேல வச்சு, அந்த நிமிஷத்துலேயே பேலன்ஸ் பண்ணுவார். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, மிக்ஸர் திரைக்குள்ள போயிடுச்சு. பத்து விரல் செஞ்ச வேலையை ஒரு மவுஸ் அம்பு செய்ய வேண்டியதாச்சு.

மவுஸோட பெரிய குறை என்னன்னா, ஒரே நேரத்துல ஒரே ஒரு பொருளைத்தான் பிடிக்க முடியும், அதுவும் கண்ணால பார்த்துத்தான். பாடகர் குரல் ஏறும்போது பறையைக் கொஞ்சம் இறக்கணும்னா, மவுஸ்ல ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணுதான். கை ஃபேடர்ல இருந்தா ரெண்டும் ஒரே மூச்சுல நடக்கும். கண்ணை மூடிட்டுக்கூட செய்யலாம்.

நம்ம பக்கம் டேனரியில தோல் தரம் பிரிக்கிறவங்களைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். தோலைக் கையில வாங்கி, விரல்ல ஓட்டி, மடிச்சுப் பார்த்துட்டு அடுத்த அடுக்குல போடுவாங்க. ஒவ்வொரு தோலுக்கும் அளவுகோல் எடுத்துட்டு இருந்தா வேலை ஓடாது. மிக்ஸிங்லயும் திரையில ஓடற கோட்டைப் பார்த்துட்டே இருந்தா காது மெல்ல வேலையை விட்டுடும்.

ரெண்டு பக்கமும் பேசணும்

இப்போ பெட்டிக்குள்ள போவோம். இதோட மொழி மிடி. 1983-ல கீபோர்டுகள் ஒண்ணோடொண்ணு பேச வந்த மொழி. சாதாரண மிடி கன்ட்ரோல் செய்தியில 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிதான். வால்யூமை மெதுவா இறக்கும்போது இது போதாம, படிக்கட்டுல இறங்கற மாதிரி கேட்க வாய்ப்பு உண்டு.

1990-களின் பிற்பகுதியில மெக்கி நிறுவனம், புரோ டூல்ஸ் செய்த டிஜிடிசைனோட சேர்ந்து ஹெச்யூஐ-ன்னு ஒரு சர்ஃபேஸ் கொண்டு வந்தது. அப்புறம் லாஜிக் மென்பொருளைச் செய்த எமாஜிக்கோட சேர்ந்து லாஜிக் கன்ட்ரோல். எமாஜிக்கை 2002-ல ஆப்பிள் வாங்கிடுச்சு. ஆனா அந்தப் பெட்டியோட பேச்சுமுறை மெக்கி கன்ட்ரோல்ங்கிற பேர்ல நிலைச்சுடுச்சு. இன்னைக்கு வேற நிறுவனங்கள் விக்கிற பெட்டிகள்லயும் 'மெக்கி கன்ட்ரோல் மோட்' இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

இதுல ஃபேடர் நகர்ந்தா பிட்ச் பெண்ட் செய்தியா போகும். அதுல 16,384 படிக்கு இடம் இருக்கு. பல கருவிகள் 1,024 படியோட நிறுத்திக்கும், அதுவே தாராளம். பட்டனை அழுத்தினா நோட் செய்தி, குமிழைச் சுத்தினா கன்ட்ரோல் செய்தி. இதெல்லாம் பெட்டியிலிருந்து மென்பொருளுக்குப் போற பாதை.

திரும்பி வர்ற பாதைதான் முக்கியம். மென்பொருள்ல ஒரு டிராக்கை மியூட் பண்ணினா பெட்டியில விளக்கு எரியணும். பாட்டு ஓடும்போது வால்யூம் மாறினா ஃபேடர் தானா நகரணும். ஹெச்யூஐ முறையில மென்பொருள் விடாம 'இருக்கியா?'ன்னு கேட்டுட்டே இருக்கும், பெட்டி 'இருக்கேன்'னு பதில் சொல்லணும். நம்ம சர்வர் வேலையில ஹார்ட்பீட்னு சொல்றோமே, அதே கதை.

மோட்டார் ஃபேடர்ல இன்னொரு நுட்பமும் உண்டு. விரல் பட்டதும் ஃபேடருக்குத் தெரியும். உடனே 'தொட்டுட்டாங்க'ன்னு மென்பொருளுக்குச் செய்தி போகும், மோட்டார் உங்க விரலோட மல்லுக்கட்டாம விட்டுக்கொடுக்கும். விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி.

தொட்டதும் சத்தம் எகிறுதே, ஏன்?

மோட்டார் இல்லாத பெட்டி வாங்கினவங்க முதல் நாளே சந்திக்கிற பிரச்சினை இது. திரையில குரல் டிராக் பாதி அளவுல இருக்கு. கையில இருக்கற ஃபேடர் உச்சியில நிக்குது, ஏன்னா கடைசியா வேற டிராக்குக்கு அதை ஏத்தினீங்க. இப்போ லேசாத் தொட்டா போதும், குரல் சட்டுன்னு உச்சிக்குப் பாயும். ஹெட்ஃபோன் காதுல இருந்தா அது வலி.

எட்டு ஃபேடர் பெட்டியில இருபத்திநாலு டிராக் இருந்தா மூணு பேங்க். ஒவ்வொரு தடவை பேங்க் மாத்தும்போதும் எட்டு ஃபேடரும் பொய் சொல்லும். மோட்டார் இருந்தா எல்லாம் தானா சரியான இடத்துக்கு ஓடிடும். விலை பல மடங்கு ஏறுறது இதுக்காகத்தான்.

மோட்டார் இல்லாமலும் வழி இருக்கு. சில மென்பொருள்கள்ல 'பிக்-அப்' முறை இருக்கும். கையில இருக்கற ஃபேடர் திரையில இருக்கற அளவைக் கடக்கற வரைக்கும் எதுவும் மாறாது, கடந்ததும் பிடிச்சுக்கும். இன்னொரு வழி, முடிவில்லாம சுத்தற குமிழ். அது 'நான் இந்த இடத்துல இருக்கேன்'னு சொல்லாது, 'ரெண்டு படி ஏறினேன்'னு மட்டும் சொல்லும். அதனால பாய்ச்சல்ங்கிற பேச்சே இல்லை.

ஆட்டோமேஷன்: காசுக்கு வேலை இங்கேதான்

பாட்டு ஓடும்போது ஃபேடரை நகர்த்தறீங்க, அந்த அசைவையே மென்பொருள் பதிவு பண்ணிக்கும். அடுத்த தடவை அதே அசைவை அதுவே செய்யும். மூணு மோட் தெரிஞ்சா போதும்.

ரீட்: பதிவானதைப் படிச்சு அப்படியே செய்யும்.

டச்: விரல் ஃபேடர் மேல இருக்கற வரைக்கும் புதுசா எழுதும். எடுத்ததும் பழைய பாதைக்குத் திரும்பும். ஒரு வரியில ஒரு சொல் மட்டும் அமுங்கிப் போச்சுன்னா இதுதான் மருந்து.

லேட்ச்: விரலை எடுத்தாலும் கடைசியா விட்ட அளவுலேயே எழுதிட்டுப் போகும். சரணம் முழுக்க பறை கொஞ்சம் குறைவா இருக்கணும்னா இது.

டச் மோட் ஒழுங்கா வேலை செய்யணும்னா விரல் பட்டது பெட்டிக்குத் தெரியணும். மலிவான, தொடு உணர்வு இல்லாத ஃபேடர்ல நீங்க கையை எடுத்துட்டீங்களா, அசையாம பிடிச்சிருக்கீங்களான்னு மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது.

மிருதங்கம்னு டைப் பண்ணினா என்ன வரும்?

பெரிய சர்ஃபேஸ்கள்ல ஒவ்வொரு ஃபேடருக்கு மேலயும் டிராக் பேர் காட்டற சின்னத் திரை இருக்கும். மெக்கி முறையில ஒரு டிராக்குக்கு ஒரு வரியில 7 எழுத்து, எட்டு டிராக்குக்கு 56. இந்தப் பேர் போற மிடி செய்திக்குள்ள 0 முதல் 127 வரையிலான எண்கள்தான் போகலாம். 128-க்கு மேல இருக்கற எண்ணெல்லாம் புதுச் செய்தி ஆரம்பிக்குதுங்கிற அறிவிப்பு.

நம்ம 'மிருதங்கம்' கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடுல 10 குறியீடு. யூடிஎஃப்-8-ல 30 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 224-ங்கிற எண்ணுலதான் ஆரம்பிக்கும். மிடிக்கு 224-ன்னா என்ன தெரியுமா? முதல் சேனல் பிட்ச் பெண்ட். மெக்கி முறையில சொன்னா, 'முதல் ஃபேடர் நகருது'ங்கிற செய்தியோட தலைப்பு! அதனால தமிழ்ப் பேரை அப்படியே அனுப்பவே முடியாது. மென்பொருளைப் பொறுத்து கேள்விக்குறியோ காலியிடமோதான் வரும்.

தீர்வு ரொம்பப் பழசு. பெட்டியில வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல தமிழ்ல எழுதிக்குங்க. பழைய கன்சோல்கள்ல இன்ஜினியர்கள் அப்படித்தான் பேர் எழுதி வச்சாங்க. இந்தச் சின்னத் திரைக்கு 'ஸ்கிரிபிள் ஸ்ட்ரிப்'னு பேர் வந்ததே அந்தக் கிறுக்கல் டேப்பாலதான்.

வேலை செய்யலைன்னா

ரீப்பர்ல பிரிஃபரன்ஸஸ் திறந்து, 'கன்ட்ரோல்/ஓஎஸ்சி/வெப்' பக்கத்துல 'ஆட்' அழுத்தி, மெக்கி கன்ட்ரோல் யுனிவர்சல்னு தேர்ந்தெடுங்க. மிடி இன்புட், மிடி அவுட்புட் ரெண்டும் கொடுக்கணும். ஆர்டோர்லயும் பிரிஃபரன்ஸஸ்ல கன்ட்ரோல் சர்ஃபேஸ் பகுதி இருக்கு.

ஃபேடரை நகர்த்தினா திரையில நகருது, ஆனா விளக்கு எரியலை, மோட்டார் அசையலைன்னா, அவுட்புட் கொடுக்க மறந்திருப்பீங்க. பேச்சு ஒரு பக்கம்தான் போகுது. எதுவுமே நடக்கலைன்னா, பெட்டி வேற மோட்ல இருக்கலாம். பல பெட்டிகள்ல ஆன் பண்ணும்போதே ஒரு பட்டனைப் பிடிச்சுட்டு மோட் மாத்தணும். கையேட்டைப் பாருங்க. அப்புறம், நம்ம ஊர் தூசி ஃபேடருக்கு எதிரி. வேலை முடிஞ்சா ஒரு துணி போட்டு மூடி வைங்க.

அந்தத் தம்பிக்கு என் பதில்

உங்க பிரச்சினை ரூம் எதிரொலியா, மைக் இரைச்சலா, ஹெட்ஃபோன் சரியில்லையா? அப்போ காசு முதல்ல அங்கேதான் போகணும். இந்தப் பெட்டி அதுல எதையும் சரி பண்ணாது.

அதெல்லாம் ஓரளவு சரி, மவுஸோட போராடித்தான் களைச்சுப் போறீங்கன்னா, மோட்டார் இல்லாத எட்டு ஃபேடரைவிட தொடு உணர்வோட மோட்டார் ஃபேடர் ஒண்ணே ஒண்ணு மேல்னு சொல்வேன். பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், பெரிங்கர் எக்ஸ்-டச் ஒன் அந்த வகை. வீட்டுல மிக்ஸ் பண்ற நாம பெரும்பாலும் ஒரு நேரத்துல ஒரு டிராக்கைத்தான் கேட்டுச் சரி பண்றோம். முன்னாடி சொன்ன மாதிரி குரலையும் பறையையும் சேர்த்து ஓட்டணும்னா, ஒரு தடவை குரலுக்கு, அடுத்த தடவை பறைக்குன்னு ரெண்டு சுத்து எழுதிடலாம். ரெக்கார்ட், ஸ்டாப் பட்டன் மட்டும் கைக்கு வேணும்னா, கார்க் நானோகன்ட்ரோல் 2 மாதிரி சில ஆயிரத்துல கிடைக்கிற சின்னப் பெட்டியே போதும்.

ஆனா சிலருக்கு இது வசதிங்கிறதைத் தாண்டின விஷயம். பார்வையில்லாத இசைக்கலைஞருக்கு மவுஸால பயனில்லை, தொடுதிரையும் வழுக்கற கண்ணாடிதான். ஃபேடரோட இடத்தை விரல் படிச்சுடும். ரீப்பருக்கு ஒசாரான்னு ஒரு இலவச நீட்டிப்பு இருக்கு. என்விடிஏ திரைவாசிப்பானை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் டெஹ் தொடங்கினது. டிராக் பேரையும் அளவையும் திரைவாசிப்பான் வழியாப் பேச வைக்கும். என்விடிஏ தமிழும் பேசும். அப்படி ஒருத்தர் உங்க குழுவுல இருந்தா, நல்ல சர்ஃபேஸ்தான் அவரோட மிக்ஸிங் டேபிள். சேர்ந்து காசு போட்டு வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம்

இதுக்குச் செலவு இல்லை. ரீப்பரை 60 நாள் முழுசா பயன்படுத்திப் பார்க்கலாம். அதே 'கன்ட்ரோல்/ஓஎஸ்சி/வெப்' பக்கத்துல வெப் பிரவுசர் இன்டர்ஃபேஸைச் சேர்த்தா ஒரு முகவரி காட்டும். அதே வைஃபைல இருக்கற போன்ல அதைத் திறந்தா பிளே, ரெக்கார்ட், ஒவ்வொரு டிராக் வால்யூமும் போன்லேயே வரும். ஃபேன் கத்தற லேப்டாப்பை வெளியே வச்சுட்டு மைக் பக்கத்துல நின்னே ரெக்கார்ட் அழுத்தலாம்.

ரெண்டு வாரம் இப்படி வேலை பண்ணுங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு போடுங்க. பட்டனுக்காக எத்தனை தடவை ஏங்கினீங்க, பாட்டு ஓடும்போது வால்யூமை ஓட்டறதுக்காக எத்தனை தடவைன்னு குறிச்சுக்குங்க. எந்தக் கோட்டுல எண்ணிக்கை அதிகமோ அதுக்கான பெட்டியை வாங்குங்க. ரெண்டும் காலியா இருந்தா காசு பாங்க்லேயே இருக்கட்டும்.

உங்க கணக்கு என்ன வந்ததுன்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பழைய போர்வை, மெத்தையை வச்சே மாடி ரூம் எதிரொலியைக் குறைக்கறது எப்படின்னு பார்ப்போம். வரட்டா!