உளவியல் பட்டம்: சிவகாசிக்கு எட்டும் தொலைவில் உள்ளதா?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் குடும்பங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் வணிகவியலையும் கணினி அறிவியலையும் செவிலியர் படிப்பையும் சுற்றியே இருக்கும். அண்மைக் காலமாக அந்த வரிசையில் உளவியலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. கரோனா பொதுமுடக்கத்துக்குப் பின்னர் மனநலம் குறித்த பேச்சு பொதுவெளிக்கு வந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். "அதைப் படிக்க எவ்வளவு செலவாகும், படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. இரண்டு கேள்விகளுக்கும் கல்லூரி விளம்பரங்களில் நேரான விடை கிடைப்பதில்லை.

உளவியல் தெரிந்தவர்களின் தேவை விருதுநகர் மாவட்டத்துக்கு மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதலாகவே உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நேரிட்ட விபத்தில் 38 பேர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை விபத்து 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் தொடர்கின்றன. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, ஆலையின் உரிமம் ரத்தாகிறது, போர்மேன் கைதாகிறார். ஆனால், பக்கத்து அறையில் மருந்து செலுத்திக்கொண்டிருந்து உயிர் தப்பிய பெண்ணுக்கு அதன் பிறகு உறக்கம் வருகிறதா, சிறு ஓசைக்கும் அவர் திடுக்கிடுகிறாரா, தாயை இழந்த குழந்தை பள்ளியில் எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து கவனிக்க ஊருக்குள் ஆள் இல்லை. தீக்காயத்துக்கு மருத்துவமனையில் தனிப் பிரிவு உண்டு. அச்சத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

விபத்து ஒரு புறம் இருக்க, பிழைப்பின் நிச்சயமின்மை மறுபுறம். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலையில்லா நாள்களில் பெருகும் கடன், மது, குடும்பச் சண்டை ஆகியவற்றை இந்தப் பகுதியினருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை என்றும் கண்டறிந்தது. தற்கொலை எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

தேவை இவ்வளவு இருக்கும்போது, படிப்பு எங்கே கிடைக்கிறது? தமிழ்நாட்டில் மிகக் குறைந்த செலவில் பட்டம் பெறும் வழி அரசுக் கலைக் கல்லூரிதான். இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால், அரசுக் கல்லூரிகளில் உளவியல் துறை அரிது. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசுக் கலைக் கல்லூரி போன்ற சிலவற்றில்தான் அது உண்டு. சிவகாசியிலிருந்து கோவை ஏறத்தாழ 300 கி.மீ.; சென்னை 500 கி.மீ.க்கும் மேல். கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதி, உணவு, பயணம் எல்லாம் சேர்ந்து, தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பத்தின் கணக்கைக் குலைத்துவிடும். அருகில் உள்ள தனியார் கல்லூரிகளில் உளவியல் இருந்தாலும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாகவே இருக்கும். பருவத்துக்குப் பருவம் கட்டணம் செலுத்த வேண்டும்.

இந்த இடைவெளியை நெடுங்காலம் நிரப்பி வந்தது தொலைநிலைக் கல்வி. பகலில் அச்சகத்திலோ கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முதுகலை படித்தவர்கள் பலர். நேரடிப் படிப்புக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பகுதிதான். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்சார் பணியாளர் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உள்பட, தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை இல்லை.

இந்த முடிவைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. நோயாளியின் எதிரில் ஒருமுறைகூட உட்காராமல், அஞ்சலில் வந்த பாடநூலை மட்டும் படித்து ஒருவர் ஆற்றுப்படுத்துநர் ஆவது ஆபத்தானது. சில வார இணையச் சான்றிதழை வைத்துக்கொண்டு 'மனநல நிபுணர்' என்று பலகை மாட்டுவோரைப் பார்க்கும்போது கட்டுப்பாடு இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கதவை மூடியவர்கள், அருகில் இன்னொன்றைத் திறக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்று படித்துக்கொள்ளும். ஆலைத் தொழிலாளியின் மகள் உளவியலை விட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போவாள்.

அடுத்தது பட்டத்தின் மதிப்பு. இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் எவரையும் உளவியல் சிகிச்சையாளர் ஆக்குவதில்லை. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் நடத்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். இளநிலை மூன்றாண்டு, முதுநிலை இரண்டாண்டு, அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சியுடன் எம்.ஃபில். இரண்டாண்டு என ஏழாண்டுகள் இதுவரையிலான பாதை. எம்.ஃபில். பட்டமே நாடெங்கும் கைவிடப்பட்ட பின்னரும், இத்துறைக்கு 2025-26 வரை நீட்டிப்பு தரப்பட்டது. அதன் பின்னர் பாதை மாறுகிறது. எனவே, சேருமுன் கவுன்சிலின் அப்போதைய விதியைப் பார்ப்பதே பாதுகாப்பு. மூன்றாண்டுகளுக்கு முன் படித்த உறவினரின் அனுபவம் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஏழாண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு இது வீண் படிப்பு என்று பொருளல்ல. முதுநிலை முடித்தவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மறுவாழ்வு மையம், எச்.ஐ.வி. ஆலோசனை மையம், பள்ளிகள் ஆகியவற்றில் ஆற்றுப்படுத்துநர் பணி உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். ஐந்தாண்டு படித்தவருக்கு இந்த ஊதியம் போதாது என்பதை மறைப்பதில் பயனில்லை. இளநிலையோடு நிறுத்துபவர்கள் சிறப்புக் கல்வியியலுக்கோ சமூகப் பணிக்கோ மனிதவள நிர்வாகத்துக்கோ திரும்பலாம். உளவியலில் கற்பிக்கப்படும் புள்ளியியலை மாணவர்கள் வேண்டாவெறுப்பாகப் படிக்கின்றனர். பின்னாளில் வேலைச் சந்தையில் உதவுவது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று மொழி. உளவியல் பாடநூல்கள் ஏறத்தாழ அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால், உதவி தேடி வருபவர் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றே வருகிறார். அந்தப் பேச்சின் பொருளை அதே மண்ணில் வளர்ந்தவர் எளிதில் பிடித்துக்கொள்வார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் அழைத்து ஆலோசனை பெறும் வசதி 2022 அக்டோபரில் வந்தது; நல்ல ஏற்பாடு. ஆயினும், தொலைபேசியில் பேசியவரை நேரில் அனுப்பி வைக்க ஊருக்கு அருகில் ஒருவர் வேண்டுமல்லவா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசுகள் முயல வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். கெடு நெருங்கிவிட்டது. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிவகாசியில் அரசு கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் உளவியல் இளநிலையும் முதுநிலையும் தொடங்கி, மாணவர்களின் களப்பயிற்சியை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் வைத்துக்கொள்ளலாம். புதிய கட்டடம்கூடத் தேவைப்படாது. சில ஆசிரியர் பணியிடங்களும் ஓர் அரசாணையும் போதும். பட்டாசுக்கும் அச்சுக்கும் காலண்டருக்கும் நாடறிந்த ஊரில், ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை முதுநிலை மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்கவும் இயலும்.

அதுவரை சேர்க்கைக்காகக் கல்லூரி வாசலில் நிற்கும் பெற்றோர் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: களப்பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், துறையில் முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், விடுதியையும் தேர்வையும் சேர்த்து மூன்றாண்டுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு.