விரலால் அறியும் எழுத்து

சென்ற தவணை நூல் வழங்கிய நாளன்று நமது சங்க அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வந்தார். நான்கு வயது மகளை நகரத்து மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றும், அதற்குக் கூலியில் முன்பணம் கிடைக்குமாவென்றும் கேட்டார். வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாகாதா என்றோம். “சொல்லிக் கொடுத்தாயிற்று ஐயா, ‘அ’ முதல் ‘ஔ’ வரை பிசகின்றிச் சொல்லுகிறாள். படிக்கத்தான் வரவில்லை” என்றார்.

மறுநாள் அவர் வீட்டிற்குச் சென்றோம். குழந்தை பன்னிரண்டு உயிரெழுத்துக்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் ‘எ’ என்ற எழுத்தைத் தொட்டு, இது என்னவென்று கேட்டோம். அவள் ‘அ’வில் விரலை வைத்து, அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து அதைக் கண்டுபிடித்தாள். அவள் அறிந்திருந்தது பாட்டே தவிர எழுத்தன்று. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த தாயார், “நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன சொல்லித்தரத் தெரியும்?” என்றார். அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பழைய வழக்கம்

விரலால் எழுதிப் பழகுவது நமக்குப் புதிதன்று. நமது முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகினர். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு தொடங்கிய ஆண் அநாதைகள் இல்லத்தின் மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தமது பள்ளியிலும் அம்முறையைக் கைக்கொண்டார். 1797இல் அதைப்பற்றி இங்கிலாந்தில் நூலும் வெளியிட்டார்.

இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டி, குழந்தைகள் அவற்றைத் தடவியபடியே ஒலியைச் சொல்லுமாறு செய்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றிற்கு வந்து, யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 2004ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட ஆய்விலும், கண்ணால் மட்டும் பார்த்துக் கற்ற குழந்தைகளைவிட, எழுத்தை விரலால் தடவியும் கற்றவர்கள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறியமை தெரியவந்தது.

காதும் வாயும்

எழுத்தைக் காட்டுமுன் ஒலியைப் பிரித்தறியக் காதைப் பழக்கவேண்டும். இதற்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். தார் சுற்றும்போதோ களை பறிக்கும்போதோ, “‘ம’ என்று தொடங்கும் பொருள் ஒன்று சொல்” என்று கேளுங்கள். மணி, மரம், மயில் என்று குழந்தை அடுக்கும். ‘ம’ சொல்லும்போது இரு உதடுகளும் சேர்வதை அதன் விரலாலேயே தொட்டுணரச் செய்யுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து ‘ப’ சொல்லச் செய்தால் காற்று வந்து மோதும். ஒலி எங்கே பிறக்கிறதென்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விரித்துரைக்கிறது. குழந்தை அதனைத் தன் கையால் அறிகிறது.

நமது நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி சௌராஷ்டிரமாகவோ, தெலுங்காகவோ, கன்னடமாகவோ இருக்கிறது. அவ்வீட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் காதில் விழுந்து பழகியிரா. ஆகவே அவர்களுக்கு இவ்விளையாட்டு இன்னும் அதிக நாள் வேண்டும்.

நூலெழுத்து

உப்புத்தாளைவிட நமக்கு எளிதாய்க் கிடைப்பது நூல். தமிழெழுத்தின் வளைவுகளுக்கு அதுவே பொருத்தமும் கூட. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் உள்ளங்கை அளவிற்கு எழுத்தை வரைந்து, கஞ்சிப் பசை தடவி, கழிவு நூலை நான்கு புரியாக முறுக்கி அதன்மேல் ஒட்டுங்கள். எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். எங்கே ஆரம்பிப்பதென்று விரலுக்கு அதுவே சொல்லிவிடும்.

முதலில் ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகிய மூன்று போதும். ‘ட’வின் வலப்புறத்தில் ஒரு கோட்டை ஏற்றினால் ‘ப’. அக்கோட்டை உள்ளே வளைத்தால் ‘ம’. மாண்டிசோரி அம்மையார் கையாண்ட மூன்று படிகளையே நாமும் பின்பற்றலாம். குழந்தை நூலைத் தடவும்போது, “இது ம” என்று நாம் சொல்வது முதற்படி. இரண்டு மூன்று அட்டைகளைப் பரப்பி, “ம எது?” என்று கேட்பது இரண்டாம் படி. ஓர் அட்டையைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பது மூன்றாம் படி. மூன்றாவதில் தவறினால் கடிந்துகொள்ளாமல் முதற்படிக்குத் திரும்புங்கள். பிறகு தாம்பாளத்தில் மணலையோ தவிட்டையோ பரப்பி எழுதவிடலாம். களிமண்ணைத் திரித்து எழுத்தாக வளைக்கவிடலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் அன்றைய பாடம் முடிந்தது. பென்சிலுக்கு அவசரமில்லை, பிஞ்சு விரல் முதலில் வலுப்பெறட்டும்.

புள்ளியின் வேலை

‘ம’ அட்டையின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள், ‘ம்’ ஆகிவிடும். எடுத்துவிட்டால் மீண்டும் ‘ம’. இவ்வாறு வைத்தும் எடுத்தும் விளையாடும் குழந்தைக்கு மெய்யெழுத்தின் தன்மையை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. மூன்றெழுத்தும் இக்கொட்டையும் கொண்டு படம், மடம், பட்டம், மட்டம் என்ற சொற்களை அமைத்துவிடலாம். ‘அ’வையும் துணைக்காலையும் சேர்த்தால் அப்பம், அம்மா, அப்பா, மாமா, மாடம் எல்லாம் வந்துவிடும். தமிழில் எழுத்து 247 என்று மலைக்கவேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 ஒலிகளும், உயிர்க்குறிகளுமே அடிப்படை. ல, ள, ழ போன்று ஒலியால் நெருங்கியவற்றை ஒரே வாரத்தில் கற்பிக்காதீர்கள். ஒன்று நன்கு பதிந்தபின் மற்றதைத் தொடங்குங்கள்.

வீட்டுப் பெரியோருக்கு ஒரு வார்த்தை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் படித்தவர்கள், ‘லை’, ‘னை’ முதலியவற்றைத் துதிக்கை போன்ற கொம்பிட்டு எழுதுவர். குழந்தைக்குப் பாடநூலிலுள்ள வடிவத்தையே காட்டுதல் நலம்.

எச்சரிக்கை

விதைநேர்த்தி செய்த விதை எதையும் குழந்தையின் கையில் தராதீர்கள்; அதில் மருந்து ஏறியிருக்கும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் நஞ்சு. சாயம் போகும் நூலையும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நீளமுள்ள நூலையும் தவிர்க்கவேண்டும். எதையும் வாயிலிடும் சிறு குழந்தையுள்ள வீட்டில் புளியங்கொட்டையை விட்டு, கோலத்திற்கு வைப்பதுபோல் அரிசி மாவினால் புள்ளி வையுங்கள். எப்பொழுதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஒரு மாதம் கழித்து அவ்வங்கத்தினர் வீட்டிற்கு மீண்டும் சென்றோம். குழந்தை தரையில் அட்டைகளைப் பரப்பி அ, ம, மா என்று வைத்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்த்தாள். நாம் வாய் திறக்குமுன், “புள்ளி எங்கே?” என்று ராட்டையை நிறுத்தாமலே கேட்டார் தாயார். குழந்தை ஓடிப்போய்ப் புளியங்கொட்டையை எடுத்து வந்து, நடு எழுத்தின் தலையில் வைத்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவி, “அம்மா” என்று படித்தாள். பள்ளிக்கு அனுப்புவதா, எப்பொழுது அனுப்புவதா என்பது பெற்றோர் தீர்மானிக்கவேண்டிய விஷயம். ஆனால் தமக்கு ஒன்றும் தெரியாதென்று அத்தாயார் இனிச் சொல்லமாட்டார்.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே 31 அட்டைகளும் செய்யவேண்டுமென்பதில்லை. ஐந்து வீட்டார் கூடி ஆளுக்கு ஆறேழு அட்டைகள் செய்தால் முழுத் தொகுதியும் கிடைத்துவிடும்; முறை வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். அடுத்த நூல் வழங்கும் நாளன்று வரும் அங்கத்தினர்கள், வீட்டிலுள்ள பழைய பத்திரிகை அட்டைகளையும் கழிவு நூலையும் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். சங்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முதல் தொகுதியைச் சேர்ந்தே செய்வோம்.