பச்சிளம் குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றும் இடத்தில் வீக்கமா? உடனே நர்சிடம் சொல்லுங்க!

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளால் உடனே தாய்ப்பாலை உறிஞ்சி குடிக்க முடியாது. இதனால் கை, காலில் 'வென்பிளான்' ஊசி குத்தி குளுக்கோசும், மருந்தும் ஏற்றுகிறார்கள். அந்த ஊசி லேசாக நகர்ந்தாலே போதும், மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்து சதைக்குள் இறங்கிவிடும்.

சாதாரண உப்புத்தண்ணீர் கசிந்தால் பெரும்பாலும் வீக்கம் தானாக வடிந்துவிடும். ஆனால் கால்சியம், அடர்த்தியான குளுக்கோஸ், டோபமின் போன்றவை கசிந்தால் தோல் கருகி, புண் ஆழமாக இறங்கும் ஆபத்து உண்டு.

எப்படி கண்டுபிடிப்பது?

வலிச்சா குழந்தைக்கு சொல்லத் தெரியாது. சில குழந்தைகளுக்கு அழக்கூட தெம்பு இருக்காது. எனவே பால் கொடுக்க போகும் தாய்மார்கள் ஊசி உள்ள கையையும், மறு கையையும் ஒப்பிட்டு பார்ப்பது நல்லது. வீக்கம், சிவப்பு, தோல் வெளுத்துப்போவது, ஜில்லிப்பு, கொப்புளம் இதில் எது தெரிந்தாலும் தாமதிக்க கூடாது. "நர்சு திட்டுவாங்களோ" என்று தயங்கவும் வேண்டாம். ஊசியையோ, பிளாஸ்திரியையோ தாங்களாக பிடுங்க கூடாது.

முதல் 1 மணி நேரம்

சொன்னதும் டிரிப்சை நிறுத்துவார்கள். ஊசியை எடுக்கும் முன்பு, அதன் வழியாகவே கசிந்த மருந்தை சிரிஞ்சால் உறிஞ்ச பார்ப்பார்கள். கை, காலை சற்று உயர்த்தி வைப்பார்கள். கால்சியம், குளுக்கோஸ் போன்றவை அதிகமாக கசிந்திருந்தால் 'ஹயலுரோனிடேஸ்' என்ற மருந்தை சுற்றிலும் போடுவது உண்டு. இதை 1 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் அதிகம்.

இதை செய்யாதீங்க

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதையும் பூசக்கூடாது. ஒத்தடமும் கூடாது. மெல்லிய தோலில் கிருமி புகுந்தால் ரத்தம் வரை பரவிவிடும். கடையில் அயோடின் மருந்து வாங்கி போட்டால், அது தோல் வழியே உள்ளே போய் தைராய்டை பாதிக்கலாம். தீக்காயத்துக்கு போடும் சில்வர் சல்பாடயசின் கிரீம், சல்பா மருந்து கலந்தது. அது மஞ்சள் காமாலையை ஆபத்தாக்கும் என்பதால் 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது.

வீடு திரும்பிய பிறகு

கொப்புளத்தை உடைக்காமல், சொன்ன நாளில் கட்டு மாற்ற வேண்டும். மணிக்கட்டு, கணுக்கால் பக்கம் ஆழமான புண் ஆறினால் தழும்பு இறுகி, மடக்க முடியாமல் போகலாம். சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிச்செல்ல வேண்டும். செலவை நினைத்து தள்ளிப்போட வேண்டாம். 2011-ல் தொடங்கிய மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், 1 வயது வரை நோயுற்ற குழந்தைகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்.