உடம்புக்கு ஒன்றும் செய்யாதபோதே எடுக்கும் பரிசோதனை

“எனக்குத்தான் உடம்புக்கு ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு டெஸ்ட்?” குவீன்ஸ்டவுன் காப்பிக்கடையில் தே குடிக்கும்போது அக்காமார் பலர் கேட்பது இது. உட்காருங்கள் அக்கா, சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காது. அதனால்தான் ஒன்றுமில்லாதபோதே பார்க்கச் சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஹெச்பிவி என்னும் கிருமி. உடலுறவு வழியே தொற்றும். ஒரே கணவரோடு வாழ்ந்தவருக்கும் வரலாம். நடத்தையோடு முடிச்சுப் போடாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். அப்படித் தங்கும் கிருமியின் 16, 18 ஆகிய இரு வகைகளே இந்நோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். ஆனால் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

25 முதல் 29 வயதுவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர். 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனை. தாம்பத்திய உறவு கொண்ட எல்லாருக்கும் சிங்கப்பூரின் பரிந்துரை இது. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு பரிசோதனைக்கும் படுக்கவைத்து, கால்மேல் துணி போர்த்தி, சிறு கருவியால் வழியை விரித்து, மெல்லிய பிரஷால் கருப்பை வாயில் லேசாகத் தடவிச் செல்களை எடுப்பார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். பெண் ஊழியர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்கலாம். முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. தேவைப்பட்டால் அடுத்து கருப்பை வாயை உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். மாறிய திசு இருந்தால் புற்றாகும் முன்பே அகற்றிவிடலாம்.

இதனால் உயிர் பிழைக்குமா? நம் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்கே கிராமத்துப் பெண்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். அந்தப் பெண்களிடையே இந்நோயால் வரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி உண்டு. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசம். ஊசி போட்டவரும் பிற்பாடு பரிசோதனை செய்யத்தான் வேண்டும்.

உறவுக்குப் பின்போ மாதவிலக்கு நின்ற பின்போ இரத்தம் கண்டால், பரிசோதனைத் தவணைக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் ஸ்டர்லிங் ரோட்டிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள். ஒருமுறைகூட எடுக்காத அக்காவையும் கூட அழைத்துப் போங்கள்.