ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? மோட்டாரை மாற்ற முன்னர் இதைப் பாருங்கள்



லீசிங்கில் கார், வேன் எடுத்துப் பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் பல உண்டு. பிள்ளைகளை ஸ்கூலுக்கும், நோயாளிகளைத் தியத்தலாவை, பதுளை ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டு போவது இந்த வண்டிகள்தான். எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போனால் ஹயரும் இல்லை, மாதக் கட்டுப்பணமும் இல்லை.

வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாகப் பாரத்தோடு ஏறும்போது வண்டி மெதுவாகவே போகும். ரேடியேட்டருக்குள் புகும் காற்று போதாது. அந்தக் குறையை ஃபேன்தான் தீர்க்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 96 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். எனவே ரேடியேட்டர் மூடியும் இறுக்கமாக இருக்க வேணும்.

பழைய வேன்கள் பலவற்றில் ஃபேன் பெல்ட்டால் சுற்றும். மாருதி, அல்டோ போன்ற கார்களில் அதற்குத் தனி மோட்டார் உண்டு. நாம் சொல்வது இவற்றுக்கே.

ஃபேன் நின்றதும் “மோட்டார் போயிடிச்சி” என்று கடைக்கு ஓடாதீர்கள். பெட்டரியிலிருந்து பியூஸ், ரிலே தாண்டித்தான் மின்சாரம் மோட்டாருக்கு வருது. சூட்டை அறிந்து அதை ஓட வைப்பது சென்சர். வரிசையாகப் பாருங்கள்.

1. வயர்: மழையிலும் பனியிலும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். எலியும் கடிக்கும். முதலில் கண்ணால் பாருங்கள்.

2. பியூஸ்: எரிந்திருந்தால் அதே அம்பியரில் போடுங்கள். மறுபடி எரிந்தால் வயர் எங்கோ உரசுது, அல்லது மோட்டார் இறுகிப் போச்சு. பியூசுக்குப் பதிலாகக் கம்பி சுற்றினால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

3. ரிலே: ஹோர்ன் ரிலேயின் இலக்கமும் இதன் இலக்கமும் ஒன்றானால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடினால் ரிலேதான் பழுது.

4. சென்சர்: ஏ.சி.யைப் போட்டதும் அதே ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு பெரும்பாலும் சென்சர் பக்கமே.

5. மோட்டார்: அதற்கு வரும் வயரைக் கழற்றி, அதன் இரு முனையிலும் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொடுங்கள். எஞ்சின் சூடானதும் பல்ப் நன்றாக எரிந்தால் மின்சாரம் வருது, மோட்டார்தான் பழுது. எரியாவிட்டால் மோட்டாரில் காசைக் கொட்டாதீர்கள்.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். ஆகவே இலைகளுக்குப் பக்கத்தில் கை வைக்க முன்னர் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இந்த வேலைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போனால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழலாம்.

கராஜுக்குப் போகும்போது நீங்கள் பார்த்ததை எல்லாம் வயரிங் பாஸிடம் வரிசையாகச் சொல்லுங்கள். அவருக்கு வேலை சுருங்கும், உங்களுக்குச் செலவு குறையும்.