நேற்று ஓடிய குழந்தை இன்று எழவில்லையா?

"வைத்தியரய்யா, நேத்து வரைக்கும் ஓடியாடிக்கிட்டிருந்த புள்ள. இன்னிக்குக் கால் வலிக்குதுன்னு அழுவுறான். நிக்க வச்சா துவண்டு உக்காந்துடுறான். வாதம் போலிருக்கு, நல்ல தைலமாப் பார்த்துக் குடுங்க."

நான்கு வயதுப் பையனைத் தோளில் சுமந்து வந்த தாய் இப்படிக் கேட்டார். விசாரித்தேன். பத்து நாளுக்கு முன் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருக்கிறது. முழங்காலில் தட்டிப் பார்த்தேன், கால் துள்ளவில்லை. தைலம் கொடுக்கவில்லை. "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்றிரவே அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டான்.

'ஒரு சித்த வைத்தியர் இப்படி அனுப்பலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இது என்ன நோய்?

இதற்கு கில்லன் பாரே நோய் என்று பெயர். 1916-ல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் இரண்டு போர்வீரர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். வயிற்றுப்போக்கோ, சளிக் காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்பின் மேலுறையையே தாக்கிவிடுகிறது. மின்கம்பியின் ரப்பர் உறை பிய்ந்தது போலத்தான். மூளையின் உத்தரவு தசைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. பலவீனம் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுத் தசையைத் தொட்டுவிட்டால் மூச்சுக்கே ஆபத்து. அதனால்தான் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் மருந்தை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவார்கள். சிலருக்கு பிளாஸ்மா மாற்றுவார்கள். போலியோவா என்று அறிய மலத்தை இரண்டு முறை பரிசோதனைக்கு எடுப்பார்கள். பயப்படாதீர்கள். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்ற பிறகும் இந்தக் கண்காணிப்பு தொடர்கிறது.

பலவீனம் இரண்டு முதல் நான்கு வாரம் வரை கூடும். பிறகு அப்படியே நிற்கும். அதன்பின் மெல்ல மெல்லத் திரும்பும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலான குழந்தைகள் மறுபடி நடந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் பங்கு

நரம்பு தேறி வரும் நாளில் கணுக்கால் விறைத்துப் போயிருந்தால் குழந்தை நுனிக்காலில்தான் நடக்கும். இதைத் தடுப்பது பிசியோதெரபி. படுக்கையில் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

* பாதம் கீழே தொங்காமல், காலோடு செங்கோணமாக இருக்கட்டும். கட்டை கொடுத்தால் சொன்ன நேரம் வரை கட்டுங்கள். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள்.
* இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள்.
* ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.
* கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு நழுவும். அக்குளுக்குக் கீழே உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.
* சற்றுத் தேறியதும் விளையாட்டே பயிற்சி. சோப்புக் குமிழி ஊதுவது மூச்சுக்கு நல்லது. உட்கார்ந்தபடி பந்தை உதைப்பது காலுக்கு நல்லது.

'நிறையச் செய்தால் சீக்கிரம் குணமாகும்' என்று மட்டும் நினைக்காதீர்கள். மறுநாள் குழந்தை சோர்ந்து கிடந்தால் முதல் நாள் பயிற்சி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக, நடுவே ஓய்வு கொடுத்துச் செய்யுங்கள்.

தைலம் தேய்க்கலாமா?

நோய் ஏறும் நாட்களில் வேண்டாம். அழுத்திப் பிடிப்பதும் நீவுவதும் வலியைக் கூட்டும். ஒத்தடம் அதைவிட ஆபத்து. உணர்ச்சி மரத்த காலில் சூடு பட்டால் குழந்தைக்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். தேறிய பிறகு, டாக்டர் சம்மதித்தால், இளஞ்சூடான நல்லெண்ணெயை மெல்லத் தடவலாம். அது அறுந்த உறையை ஒட்டவைக்காது. குழந்தைக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான். தொக்கணத்தை ஒன்பது வகையாகப் படித்தவன் நான். எதை எப்போது செய்யக் கூடாது என்பதும் அந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பையன் என் வாசல்படியைத் தானே ஏறி வந்தான். "தைலமே இல்லாம நடந்துட்டான் பாருங்கய்யா" என்றார் தாய்.

"தைலம் இல்லாமத்தான். ஆனா தினம் மூணு வேளை அவன் பாதத்தைப் பிடிச்ச உங்க கை இருந்துச்சே, அம்மா" என்றேன்.