கடலோர வீடுகளில் கணினிப் பழுது நீக்கம்

வீட்டுக் கணினியில் கோளாறு ஏற்பட்டால், அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிக் கண்டறிந்து சரிசெய்வது பழுது நீக்கம் எனப்படும். கணினி எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் ஊரின் காற்றும் மின்சாரமும் பழுதின் வகையை மாற்றிவிடுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என நீளும் கடற்கரையில் உப்புக்காற்று, ஈரப்பதம், புயல்கால மின்தடை ஆகிய மூன்றும் சேர்ந்து கணினிகளைப் பாதிக்கின்றன. இப்பகுதி வீடுகளில் அடிக்கடி காணப்படும் பழுதுகளும் அவற்றை அணுகும் முறையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் முதல் கணினி அரசின் விலையில்லா மடிக்கணினியே. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அக்கா வாங்கியதைத் தம்பி பயன்படுத்துவதும், அவன் முடித்த பின் அது அப்பாவின் கணக்கு வழக்குக்குப் போவதும் உண்டு. இத்தகைய பழைய கணினியின் சந்தை மதிப்பு சில ஆயிரம் ரூபாய்தான். உள்ளே இருப்பவையோ வருடிய மதிப்பெண் சான்றிதழ்கள், திருமணப் படங்கள், பாதி முடித்த கல்லூரித் திட்டக் கட்டுரை. பழுது நீக்கத்தில் உண்மையான இழப்பு நேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

கோப்புகளே முதலில்

கணினி ஓடவில்லை என்றதும் பலர் முதலில் சொல்வது "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதே. எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசி என்பது போன்ற வைத்தியம் இது. கோளாறு இயங்குதளத்தில் இருந்தால் ஃபார்மட் பலன் தரும். ரேம், வன்தட்டு, மின்வழங்கி ஆகியவற்றில் இருந்தால் ஒரு பலனும் இல்லை. ஆனால் இரண்டு நிலையிலும் சி டிரைவில் இருந்த கோப்புகள் போய்விடும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும் பொதுவாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது பலருக்கு ஃபார்மட்டுக்குப் பிறகே தெரிய வருகிறது.

விண்டோஸ் திறக்கவில்லை என்பதற்குக் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. வேறொரு கணினியின் உதவியோடு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணினியை இயக்கலாம். நிறுவ வேண்டியதில்லை, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற வகையில் திறந்தாலே போதும். பழைய வன்தட்டின் உள்ளே இருப்பவை திரையில் தெரியும். அவற்றை வெளி வன்தட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். மற்றொரு வழி, வன்தட்டைக் கழற்றி யுஎஸ்பி கேபிள் மூலம் வேறு கணினியில் இணைப்பது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கும். அதன் மீட்புச் சாவி பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர்கள் கணினி நன்றாக ஓடும்போதே அதை மீட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் சீராக வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். படிக்கும் முனை தடுமாறுகிறது என்பதன் அறிகுறி அது. இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்று ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் மீட்கும் வாய்ப்பு குறைகிறது. தவறுதலாக அழித்த கோப்புக்கும் இதே விதி. வன்தட்டில் அழிக்கப்பட்ட கோப்பின் இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறதே தவிர, வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கிறது. எஸ்எஸ்டியில் அந்தச் சலுகை இல்லை. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

மின்சாரத்தால் வரும் பழுதுகள்

கணினிக்கு உயிரே இல்லை, விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் கணினியைத் திறப்பதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். அதே பிளக்கில் கைபேசி மின்னேற்றியைச் செருகிப் பார்ப்பது முதல் சோதனை. அடுத்து யுபிஎஸ்ஸை விலக்கி நேரடி இணைப்பு. அடுத்து மின்கம்பியை மாற்றிப் பார்ப்பது. இந்த மூன்றும் சரி என்றால் மட்டுமே எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி மீது சந்தேகம் கொள்ளலாம். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் அதன் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும். மடிக்கணினியாக இருந்தால், மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பின் மின்னேற்றியை மட்டும் இணைத்துப் பார்க்கலாம். செத்துப்போனதாக நினைத்த மடிக்கணினிகள் சில இதிலேயே எழுந்துவிடும்.

மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலே கணினி அணைந்துவிடுகிறது, யுபிஎஸ் இருந்தும் பயனில்லை என்பது இன்னொரு பரவலான புகார். வீட்டு யுபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட் ஈய அமில மின்கலம் வழக்கமாக 2 அல்லது 3 ஆண்டுகளே தாங்கும். வெப்பமான அறையில் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும். விண்டோஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இப்பகுதியில் மின்சாரம் போவதைவிட அது திரும்பி வருவதுதான் ஆபத்து. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் மரக்கிளைகள் மின்கம்பிகளின் மேல் விழுகின்றன. தெருவுக்கு வரும் மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீடுகள் சிலவற்றுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் பாயக்கூடும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். இணையம் கேபிள் வழியாக வந்தால் மோடத்தின் பிளக்கும் நெட்வொர்க் கம்பியும் இதில் அடங்கும். மின்னலின் தாக்கம் அந்தக் கம்பி வழியாகவும் தாய்ப்பலகைக்கு வந்து சேரும். மின்சாரம் திரும்பிய பின் விசிறியும் விளக்கும் கொஞ்ச நேரம் சீராக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டே கணினியை இணைக்க வேண்டும்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருக்கிறது என்பதையும் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்வழங்கியின் நுழைவாயிலில் உள்ள சிறு மின்தேக்கிகள் வழியே மிகக் குறைந்த மின்னோட்டம் பெட்டிக்குக் கசிவது இயல்பு. எர்த் இணைப்பு இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுபவர் வழியாகப் போகும். மூன்று முள் பிளக்கின் மேல் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் துளையில் செருகும் வீடுகளில் இது நிச்சயம். மணல் பாங்கான கடற்கரை நிலத்தில் எர்த் குழி கோடையில் காய்ந்து பலனற்றுப் போவதும் உண்டு. இதற்கு அழைக்க வேண்டியவர் கணினி பழுதுபார்ப்பவர் அல்ல, எலக்ட்ரீஷியன்.

உப்பும் ஈரமும் தூசியும்

காலையில் எத்தனை முறை அழுத்தினாலும் இயங்காத கணினி, வெயில் ஏறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இயங்குகிறது. அல்லது மழை நாளில் மட்டும் தகராறு செய்கிறது. கடலை ஒட்டிய வீடுகளில் இந்தப் புதிருக்கு வேதியியலில் விடை இருக்கிறது. கடல்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்புத்துகள்கள் தாய்ப்பலகையின் மேல் தூசியோடு தூசியாகப் படிகின்றன. காற்றின் ஒப்பீரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அவை உலர்ந்த பொடிதான். அந்த அளவைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். இணையக் கூடாத இரண்டு புள்ளிகளுக்கிடையே மின்னோட்டம் கசியும். இணைய வேண்டிய இடங்களில் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதும் இதே காரணத்தால்தான்.

மாமல்லபுரத்தின் சிற்பக்கூடங்களை அடுத்த தெருக்களில் இதோடு கல்தூசியும் சேர்கிறது. கருங்கல்லை அறுக்கும், தேய்க்கும் இயந்திரங்களிலிருந்து பறக்கும் பொடி விசிறியின் உருளியில் புகுந்து அதை இறுகச் செய்கிறது; வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடுக்குகளையும் அடைக்கிறது. விசிறி நின்றால் செயலி சூடாகும். சூடு எல்லை மீறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ‘விளையாட்டு ஆடினால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது’ என்றால் வைரஸைத் தேடுவதற்கு முன் விசிறியைப் பார்ப்பது நல்லது.

சுத்தம் செய்யும் முறை எளிது. மின்இணைப்பை முழுதும் துண்டித்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்ட வேண்டும். ஊதுகருவி பயன்படுத்தினால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுழன்றால் அது கெட்டுப்போகும். விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வராமல் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்டால் பெரும்பாலும் ரேம் தொடர்புதான் காரணம். ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, ‘கிளிக்’ என்று பொருந்தும்வரை மீண்டும் அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

பாதுகாக்கிறேன் என்று கணினியைத் துணிபோட்டு மூடி மாதக்கணக்கில் வைத்துவிடுவது கடற்கரையில் தவறான பாதுகாப்பு. ஓடும் கணினியின் சூடே அதன் ஈரத்தை உலர்த்துகிறது. வாரம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் இயக்குவது நல்லது.

வெள்ளநீர் புகுந்த கணினியை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இயக்கவே கூடாது. கடல்நீர் கலந்திருந்தால் வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது. நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். பலகைகளைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பல நாள் உலரவிட்ட பிறகே சோதிக்க வேண்டும். வன்தட்டை மட்டும் கழுவவோ சூடுபடுத்தவோ கூடாது. அதில் முக்கியமானவை இருந்தால் தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டும்.

பழுது ஒன்று, அறிகுறி வேறு

இணையதளங்கள் எதுவும் திறக்கவில்லை, ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வருகிறது. மோடத்தை மாற்றியும் பயனில்லை. இப்படி ஒரு கணினி இருந்தால் திரையின் கீழ் மூலையில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் காரணம் தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் வடிவ மின்கலம். சி.ஆர். 2032 என்னும் அந்த 3 வோல்ட் மின்கலம்தான் கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுகிறது. அது தீர்ந்தால் தேதி பழையதாகிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அதற்குள் பொருந்தாததால் உலாவி மறுக்கிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் ஒரு மின்கலம் இந்த ‘இணையக் கோளாறை’த் தீர்த்துவிடும்.

பென் டிரைவில் கோப்புகளுக்குப் பதில் குறுக்குவழிக் குறிகள் மட்டும் தெரிவதும் இத்தகையதே. நகலெடுக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் அலையும் பென் டிரைவ்களில் இந்த வைரஸ் சகஜம். அது கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துவிட்டு அதே பெயரில் தன் குறியை வைக்கிறது. அக்குறியைச் சொடுக்காமல், வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்து, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக்கிடப்பதைப் பார்த்து வைரஸ் என்று அஞ்சுபவர்கள் இன்றும் உள்ளனர். ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு அது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய வினாத்தாள்களும் மலர்களும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. உரிய எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். எழுத்துரு மாற்றியில் இட்டால் ஒருங்குறிக்கு மாறும். ஃபார்மட் செய்த கணினியில் இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்குக் காரணம், ஃபார்மட்டோடு எழுத்துருவும் போய்விடுவதுதான்.

மெதுவாகிப்போன பழைய கணினி

சுழலும் வன்தட்டும் 2 ஜிபி ரேமும் கொண்ட மடிக்கணினியில் புதிய விண்டோஸ் தவழத்தான் செய்யும். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதே இதற்கு மிகுந்த பலன் தரும் செலவு. கழற்றிய வன்தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதுவே பழைய கோப்புகளின் காப்பு நகல். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறுவதில்லை. இணையத்துக்கும் தட்டச்சுக்கும் மட்டும் என்றால் இவற்றுக்கு லினக்ஸ் போதும்.

‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை முழுதும் அலறும் அறிவிப்பு கணினியின் பழுது அல்ல, மோசடி. எந்த நிறுவனமும் அப்படி அழைக்கச் சொல்வதில்லை. தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் கணினியை அணைத்துவிட வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வீட்டில் முடியாத பழுது என்று கடைக்குக் கொண்டுபோகும்போது, ‘என்னிடம் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது. வன்தட்டை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டும். அது ஓடாவிட்டாலும் அதில் இருப்பவை குடும்பத்தின் கோப்புகள்.